பன்னிரண்டு முறை கழுவிய கைகள்

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில், பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது எங்கள் தொழிற்சாலையில் வழக்கம். பெயின்ட் ஷாப்பில் தீப்பிடித்த நாள், பிரஸ் நின்றுபோன வாரம் என்று பெரிய விஷயங்களாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. நான் ஓய்வு பெறவில்லை. வேறு ஊருக்கு வேலை மாறிப் போகிறேன். போகிற போக்கில் நீயும் ஒன்று எழுதிக் கொடு என்றார்கள். என்ன எழுதலாம் என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். பதினொரு சம்பவங்கள் வந்தன. பத்தில் நான் சரியாக நடந்துகொண்டிருந்தேன். ஆகவே பதினொன்றாவதை எழுதுகிறேன்.

இது ஒரு நான்கு வயதுக் குழந்தையின் கைகளைப் பற்றியது.

கேன்டீனை ஒட்டி இருக்கும் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்திருப்பீர்கள். உற்பத்தி லைனில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். அதைக் கவனித்துக்கொண்டிருந்த பணியாளர் துறை அதிகாரி வேலையை விட்டுப் போனபோது, அடுத்தவர் வரும்வரை தரக்கட்டுப்பாட்டுத் துறை பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. அந்தத் துறையில் அப்போது இருந்த ஒரே பெண் நான். எங்கள் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர்.

"ஏனுங்க மேடம், லிஸ்ட் போடறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்லீங்களே, நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். முதல் வாரத்தில் ஒவ்வொரு பொம்மைக்கும் தரையில் மஞ்சள் டேப்பால் இடம் குறித்தேன். யானை பொம்மைக்கு யானை வடிவத்திலேயே ஒட்டினேன். இரண்டாம் நாள் ஒரு குழந்தை அந்த யானைக்குள் படுத்துத் தூங்கியது. அதைத் 'தவறான இருப்பிடம்' என்று குறித்துவைத்தேன். இரண்டாம் வாரத்தில் ஏழு விதிகள் எழுதிக் கதவில் ஒட்டினேன். மூன்றாவது விதி: தோலில் புண் உள்ள குழந்தைக்கு, டாக்டர் சான்றிதழ் வரும்வரை காப்பகத்துக்குள் அனுமதி இல்லை.

மூன்றாம் வாரத்தில் பலகை மாட்டினேன்.

லைனில் மணிக்கு மணி எழுதுகிறோமே, இலக்கு இவ்வளவு, முடித்தது இவ்வளவு என்று, அதே பலகைதான். அதே அளவு, அதே பச்சைக் காந்த வில்லைகள். இடதுபக்கம் குழந்தைகளின் பெயர். வலதுபக்கம் ஒரு நாளில் கை கழுவ வேண்டிய எண்ணிக்கை. சாப்பாட்டுக்கு முன், பின், கழிவறைக்குப் பின், வெளியே விளையாடி வந்த பின் என்று கூட்டிப் பார்த்ததில் எட்டு வந்தது. இலக்கு எட்டு. கழுவும்போதெல்லாம் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சுளா ஒரு கோடு போடுவாள். எட்டு வந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வில்லை.

மற்ற குழந்தைகள் நாலு, ஐந்தோடு நின்றுவிட்டார்கள். மோனிஷா மட்டும் மதியத்துக்குள் எட்டை முடித்தாள்.

மோனிஷாவின் அம்மா ரேவதி, கல்லாவியிலிருந்து வந்தவர். வண்டிகளுக்கு ஒயர்க் கட்டுகள் செய்யும் லைனில் பயிற்சிக் காலத்தில் இருந்தார். இராயக்கோட்டை ரோட்டில், சானமாவு தாண்டி வாடகைக்கு இருந்தார்கள். அந்தப் பக்கத்துக் காட்டு வழியாக வரும் கம்பெனி பஸ் சில நாள் தாமதமாகும். கேட் பதிவேட்டில் காரணம் 'யானை' என்று எழுதினால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

ஒருத்தி மதியத்துக்குள் இலக்கை முடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இலக்கைப் பத்தாக உயர்த்தினேன். மூன்று நாளில் பத்தும் வந்தது. பன்னிரண்டாக்கினேன். அதுவும் வந்தது. மேலாளர் மோனிஷாவைப் பலகைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்து, ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் காட்ட வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆடிட். படத்தில் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். ஒழுக்கமாக நிற்கிறாள் என்று நினைத்தோம்.

அந்த வாரத் திங்கட்கிழமை மதியம் மஞ்சுளா போன் செய்தாள். மஞ்சுளாவுக்கு வீட்டில் கன்னடம். அவசரத்தில் இரண்டும் கலந்து வரும்.

"மேடம், பாப்பா சாம்பார் சாதம் தொடமாட்டேங்குது. மொகத்த தட்டுல வெச்சுச் சாப்பிடுது. ஏன் மாடோது, என்ன பண்றது மேடம், பூனை மாதிரி சாப்பிடுது."

போய்ப் பார்த்தேன். மோனிஷா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, குனிந்து தட்டிலிருந்து வாயாலேயே சோற்றைக் கவ்விக்கொண்டிருந்தாள். மூக்கில் பருப்பு. கையைக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றாள். மஞ்சுளா மெல்லப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். விரல் முட்டிகள் எல்லாம் சிவந்து, தோல் உரிந்து, நான்கு இடங்களில் கீறல் கீறலாக வெடித்திருந்தது. சாம்பார் பட்டால் எப்படி எரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

கை கழுவும் இடத்தில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். மெஷின் ஷாப்பில் கிரீஸ் போக வைத்திருக்கும் அதே திரவம். ஸ்டோர்ஸில் கை கழுவக் கிடைப்பது அது ஒன்றுதான். கேட்டு வாங்கியவள் நான். கையெழுத்தும் என்னுடையது.

அப்புறம்தான் கதவில் ஒட்டியிருந்த மூன்றாவது விதி கண்ணில் பட்டது. அதன்படி மோனிஷா இப்போது உள்ளே இருக்கக் கூடாது. டாக்டர் நம் மருந்தகத்துக்கு வருவது புதன்கிழமைதான்.

மேலாளரிடம் போய், நாலு இடத்தில் வெடிப்பு, விதிப்படி உள்ளே வைக்க முடியாது என்று சொன்னேன்.

"சிஸ்டம் என்னங்க சொல்லுது?" என்றார்.

"சந்தேகமான பொருளைத் தனியாக எடுத்து, சிவப்பு டேக் கட்டி, முடிவு தெரியும்வரை ஹோல்டு ஏரியாவில் வைக்கணும் சார்."

"அதையே பண்ணுங்க" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் ஏதோ ஒயர்க் கட்டு என்று நினைத்திருக்கிறார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் கேபினை ஹோல்டு ஏரியா என்று எழுதிக்கொண்டேன். பதிவுக்காக ஒரு சிவப்பு டேக் எழுதினேன். பொருள்: குழந்தை. எண்ணிக்கை: ஒன்று. குறை: இரு கைகளிலும் வெடிப்பு. அதை ஃபைலில் வைப்பதற்குள் மோனிஷா தனக்கு வேண்டும் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கழுத்தில் மாட்டிவிட்டேன். அன்று என் கேபினுக்கு வந்தவர்கள் எல்லோரும் டேக்கைப் படித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் வாசலில் நின்று, "ரீவொர்க் பண்ணிடலாமா மேடம், இல்ல ஸ்க்ராப்பா?" என்றார்.

தேநீர் இடைவேளையில் ரேவதி ஓடி வந்தார். டேக்கைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், வூட்டுக்கு இட்டுனு போன்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம். மூணு லீவும் எடுத்துட்டன். இன்னொரு நா போட்டா பேர எடுத்துருவாங்க. இன்னும் பதினேழு நாளுதான் இருக்குது பர்மனென்ட்டுக்கு."

"ரேவதி, உட்காருங்க. யாரும் பேரை எடுக்கலை."

"நான் வேற மொளகா தொட்டுட்டு வந்துட்டயான்னு அடிச்சுட்டன் மேடம் நேத்து." அவர் உட்காரவில்லை. மகளின் கையைத் தொடவும் முடியாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தேங்கா எண்ண தடவுறன். காலைல பாத்தா மறுபடியும் அப்படியே இருக்குது."

டாக்டருக்குப் படம் அனுப்பி, போனில் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அந்தத் திரவத்தைத் தூக்கிப் போடு. தேவைப்படும்போது மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில், வாசனையில்லாத மென்மையான சோப்பில் கழுவு. துண்டால் தேய்க்காதே, ஒற்றி எடு. ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன் வெறும் வாசலின் கெட்டியாகத் தடவு. ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் தடவு. மதியம் தூங்கும்போது தடவிவிட்டுப் பருத்தி உறை போடு. சீழ் வைத்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ புதன்கிழமைக்குக் காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. கடைசியில், "இந்தப் பிள்ளை எதுக்குமா இவ்வளவு கழுவுது?" என்றார். அதை மட்டும் நான் எழுதிக்கொள்ளவில்லை. பதில் தெரியும் என்று நினைத்தேன்: பச்சை வில்லைக்கு ஆசை.

இன்ஸ்பெக்ஷன் லைனில் போடும் வெள்ளைப் பருத்திக் கையுறை புதிதாக இரண்டு வாங்கி வந்தேன். அவள் முழங்கைவரை வந்தது. மஞ்சுளா மடித்து, தையல் வெளிப்பக்கம் வரும்படி தைத்துக் கொடுத்தாள். மோனிஷா போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப நான் செக்கிங்கு" என்றாள். வாசலினைக் கெட்டியாகப் பூசி, உறை மாட்டித் தூங்கவைத்தோம். வேலை முடிந்தது என்று பட்டியலில் குறித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் மூன்று முறை வாசலின் பூசினேன். மூன்று முறையும் பத்து நிமிடத்தில் அவள் காணாமல் போய், ஈரக் கையோடு திரும்பி வந்தாள். என் கேபினுக்கு எதிரே இருந்த பெண்கள் கழிவறையில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, குழாயில் கழுவியிருக்கிறாள். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஆனாலும் கழுவுகிறாள். வில்லை தருகிறேன், சும்மா இரு என்றேன். வில்லையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் போனாள். அப்போதுதான் என் பதில் தவறு என்று புரிந்தது.

அதற்குள் விஷயம் மேலாளருக்கு முழுதாகத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆடிட் என்பதால் உடனே மீட்டிங் கூட்டினார். ஐந்து முறை ஏன் என்று கேட்டால் மூல காரணம் வந்துவிடும் என்று உங்களுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். கான்ஃபரன்ஸ் ரூமில் ஆறு பேர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம். ஓரத்து நாற்காலியில், கழுத்தில் டேக்கோடு மோனிஷா பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விட்டுவந்தால் குழாய்க்குப் போய்விடுவாள்.

கையில் ஏன் வெடிப்பு? தோல் வறண்டதால். ஏன் வறண்டது? ஓசூர்க் குளிர் என்றார் ஒருவர். போர் தண்ணி உப்பு என்றார் இன்னொருவர். மெயின்டனன்ஸ்காரர் தண்ணீரைக் குறை சொல்லக் கூடாது என்று கோபித்துக்கொண்டார். நேற்றுதான் டெஸ்ட் ரிப்போர்ட் வந்திருக்கிறதாம். குழந்தையின் தோலே மென்மையானது, உள்ளே வரும் சரக்கிலேயே குறை என்றார் பர்ச்சேஸ் ஆள். முக்கால் மணி நேரம் போனது. பலகையில் மீன் முள் மாதிரி படம் வரைந்து, பதினாறு காரணங்கள் எழுதிவிட்டோம். மேலாளர் அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

ஓரத்திலிருந்து, "மேடம்க்கா, ஒண்ணுக்கு" என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் என்னை மேடம் என்பார்கள், பிள்ளைகள் அக்கா என்பார்கள். மோனிஷா இரண்டையும் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கழிவறைக்குக் கிளம்புவது எதற்கு என்று எனக்குத் தெரியும். கூட்டத்திலேயே குனிந்து கேட்டேன். ஐந்து முறை அல்ல, ஒரே முறை.

"மோனி, எதுக்குடா இத்தன தடவ கை கழுவுற? எரியுதுல்ல?"

"எரியுது."

"அப்புறம்?"

"நம்பர் முடிஞ்சா வூட்டுக்குப் போலாம்ல."

"யாரு சொன்னா?"

"அம்மா. அம்மா லைன்ல நம்பர் முடிஞ்சாதான் வுடுவாங்க. நானும் முடிச்சுடறன்." அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "நான் முடிச்சதும் நீதான் மேடம்க்கா நம்பர மாத்திடற."

புரொடக்ஷன் சூப்பர்வைசர், "லைன்லயும் அப்படித்தான் பாப்பா" என்றார்.

இரண்டு பலகைகளும் ஒரே மாதிரி இருந்தன என்று முன்பே சொன்னேன். ஒரே அளவு, ஒரே வில்லை. அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள். எட்டு முடித்தாள், யாரும் கூட்டிப் போகவில்லை. எட்டு போதாது போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். மறுநாள் நான் பத்து என்று எழுதி அதை உறுதி செய்திருக்கிறேன்.

அவளைக் காப்பகத்துக்குக் கூட்டிப் போனேன். அவள் கண் முன்னாலேயே பலகையில் இருந்த எண்களையெல்லாம் அழித்தேன். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன்.

"மோனி, நீ எத்தன தடவ கழுவினாலும் அம்மா நாலரைக்குத்தான் வருவாங்க. ஒரு தடவகூடக் கழுவலன்னாலும் நாலரைக்கு வந்துடுவாங்க."

"கழுவலன்னாலுமா?"

"கழுவலன்னாலும்."

அவள் என்னை நம்பவில்லை. அன்று நாலரைவரை கடிகாரத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள், வாசலின் பூசிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு. ரேவதி வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இத்தனை நாள் ஏமாற்றிவிட்டாயே என்கிற பார்வை.

புதன்கிழமை டாக்டர் வந்து பார்த்தார். வெடிப்புகளின் ஓரம் மூட ஆரம்பித்திருந்தது. சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்: இது ஒட்டுவது அல்ல, காப்பகத்தில் இருக்கலாம். காரணம்: கடுமையான திரவத்தால் அளவுக்கு மீறிக் கை கழுவியது.

மூன்றாவது விதி தீர்ந்தது. மேலாளர் சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

"ஏனுங்க மேடம், இந்தக் காரணத்த எழுதித்தான் ஆகோணுங்களா? வறண்ட சருமம்னு எழுதச் சொல்லலாமுங்களே."

"டாக்டர் எழுதினது சார்."

"செரி. வெள்ளிக்கெழம ஒரே ஒரு நாள் புள்ளைய வீட்ல வெச்சுக்கச் சொல்லுங்க. உறையும் கையுமா ஆடிட்டர் கண்ணுல பட்டா நம்ம கதை கந்தல்."

ஒரே ஒரு நாள். ரேவதியிடம் அந்த ஒரு நாள் இல்லை. அவரிடம் கேட்டால், வேலை போகும் என்று தெரிந்தும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். கேட்பது நான் என்பதால். அதனால் கேட்கவில்லை.

"குழந்தை வரும் சார். சான்றிதழ் ஃபைலில் இருக்கும். தவறு யாருடையது என்கிற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன்."

"உங்க அப்ரைசல் வருதுங்க மேடம்."

"தெரியும் சார்."

தைரியத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அன்று மாலை பஸ்ஸில் வேறு எங்கெல்லாம் வேலை கிடைக்கும் என்று ஒரு பட்டியல் போட்டேன். தேன்கனிக்கோட்டையில் இறங்கும்போது பதினான்கு பெயர்கள் இருந்தன.

வெள்ளிக்கிழமை ஆடிட்டர் காப்பகத்துக்கு வந்தபோது சரியாகச் சாப்பாட்டு நேரம். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். ஃபைலைப் படித்தார். சான்றிதழைப் படித்தார். சிவப்பு டேக்கின் நகலை ரொம்ப நேரம் பார்த்தார். மேலாளர் என் பின்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

"சரி, திருத்தம் செய்துவிட்டீர்கள்" என்றார் ஆடிட்டர். "வேலை செய்ததா என்று எப்படி உறுதிப்படுத்தினீர்கள்? ஆதாரம் என்ன?"

என்னிடம் நாளுக்கு நாள் எடுத்த போட்டோக்கள் இருந்தன, நீட்டப் போனேன். அதற்குள் மஞ்சுளா, "நில்லுங்க சார், இவாக, இப்பத்தான் சாப்பிடப் போகுது" என்று மோனிஷாவின் உறைகளைக் கழற்றிவிட்டு, தட்டை முன்னால் வைத்தாள். மூன்று நாளாக ஸ்பூனில் தயிர் சாதம். அன்று கேன்டீனிலிருந்து வந்திருந்தது சாம்பார் சாதம்.

மோனிஷா தட்டைப் பார்த்தாள். முட்டிகள் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தன. ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, சோற்றின் ஓரத்தைத் தொட்டாள். உடனே எடுத்துவிட்டாள். நாங்கள் நான்கு பேர், ஒரு ஆடிட்டர் உட்பட, அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் விரலை முகர்ந்தாள். நக்கினாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு ஐந்து விரல்களையும் உள்ளே விட்டுப் பிசைந்து, ஒரு பெரிய கவளமாக வாயில் போட்டாள்.

"இன்னும் சாம்பாரு" என்றாள், வாய் நிறைய.

ஆடிட்டர் படிவத்தில் ஆதாரம் என்ற கட்டத்தில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'சாம்பார் சாதம், கையால், நேரில் பார்க்கப்பட்டது.' அதற்குக் கீழே ஒரு குறையும் எழுதினார்: வாசலின் டப்பாவில் திறந்த தேதி ஒட்டப்படவில்லை.

பதினேழு நாள் முடிந்து ரேவதிக்கு நிரந்தர வேலை கிடைத்தது. என் அப்ரைசலில், 'பட்டியல் போடுவதில் சற்று நிதானம் தேவை' என்று மேலாளர் எழுதினார். அது நியாயம்தான். காப்பகத்தில் இப்போது பலகை இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது, நாலரையில் சிவப்புக் கோடு போட்டது. யாராவது அங்கே மறுபடியும் பலகை மாட்டலாம் என்று உங்களிடம் சொன்னால், முதலில் என்னைக் கூப்பிடுங்கள்.

அந்த ஆடிட் முடிந்த அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் காப்பகத்துக்குப் போயிருந்தேன். மோனிஷா குழாயடியிலிருந்து வந்தாள். என் கையில் எப்போதும் போல நோட்டும் பேனாவும். அவள் ஈரக் கையைத் துண்டில் ஒற்றிக்கொண்டே என் அருகில் வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"மேடம்க்கா, கழுவிட்டன். எழுதிடாத."